காணாமல் போகும் பாதி

பத்து லிட்டர் பெட்ரோலின் எடை ஏழரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அதை ஒரு பைக்கில் ஊற்றி ஓட்டித் தீர்த்தால், சைலன்சர் வழியாக வெளியேறும் கரியமில வாயு மட்டும் 23 கிலோ. முதல் தடவை கேட்பவர்கள் இதைத் தப்புக் கணக்கு என்றே நினைப்பார்கள். தப்பில்லை. பெட்ரோலில் நூற்றுக்கு 86 பங்கு கார்பன். பத்து லிட்டரில் சுமார் 6.35 கிலோ. எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12, சேர்ந்த பிறகு 44. அதாவது 3.67 மடங்கு. கூடுதல் எடை முழுக்கக் காற்றிலிருந்து வந்தது.

இந்த 3.67 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பருவநிலை பற்றிய செய்திகளில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ஒருவர் 'கார்பன்' டன்னில் எழுதுவார், இன்னொருவர் 'கரியமில வாயு' டன்னில் எழுதுவார், மூன்றாமவர் இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கூட்டிவிடுவார்.

சரி, வெளியே போன அந்த 23 கிலோ இப்போது எங்கே இருக்கிறது?

உலகளாவிய கார்பன் கணக்கை ஒரு பெரிய ஆய்வாளர் கூட்டம் ஆண்டுதோறும் எழுதி வெளியிடுகிறது. 2014 முதல் 2023 வரையிலான பத்தாண்டுச் சராசரி இது: நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 970 கோடி டன் கார்பன். காடழிப்பு போன்ற நிலப் பயன்பாட்டு மாற்றங்களால் 110 கோடி. ஆக வரவு 1,080 கோடி டன். இதில் காற்றில் தங்கியது 520 கோடி. கடல் எடுத்துக்கொண்டது 290 கோடி. செடிகொடிகளும் மண்ணும் எடுத்துக்கொண்டது 320 கோடி. கூட்டிப் பார்த்தால் 1,130 வரும். கணக்கு 50 கோடி டன் இடிக்கிறது. ஒவ்வொரு வரியையும் தனித்தனி வழியில் மதிப்பிடுவதால் வரும் இடிப்பு இது. அதை மறைக்காமல் தனி வரியாகவே அச்சிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கணக்கின் மீது எனக்கு நம்பிக்கை அதிகம்.

நம் பைக்குக்கு இதைப் பொருத்தினால், 23 கிலோவில் சுமார் 11 கிலோ காற்றில் நிற்கிறது, 6 கிலோ கடலுக்குள் போய்விட்டது, மீதி நிலத்தில். அதே மூலக்கூறுகள்தான் அங்கே இருக்கின்றன என்று பொருளல்ல. அவை ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கும். வங்கியில் போட்ட அதே நோட்டுதான் திரும்பக் கிடைக்குமா என்ன? இருப்புக் கணக்கு மட்டும்தான் பொருட்டு.

காற்றில் நிற்கும் பங்கை அளப்பதுதான் இருப்பதிலேயே சுத்தமான வேலை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், 3,400 மீட்டர் உயரத்தில், 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங்கின் கருவி முதல் அளவைப் பதிந்தபோது 313 பிபிஎம். பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் 313 என்று அர்த்தம். 2024-இன் சராசரி 424. 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டியது. தொழிற்புரட்சிக்கு முன் 280-ஐ ஒட்டி இருந்தது. அண்டார்டிகாவின் பனிக்கட்டியைத் துளைத்து எடுத்த குமிழ்களில் எட்டு லட்சம் ஆண்டுகளுக்கான பதிவு இருக்கிறது. அந்த நீண்ட காலத்தில் ஒரு தடவைகூட 300-ஐத் தெளிவாகத் தாண்டியதில்லை.

எரிமலை மேல் உட்கார்ந்து கரியமில வாயுவை அளந்தால் எரிமலைப் புகையைத்தானே அளப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது. இரவில் சரிவில் மேலிருந்து கீழே காற்று இறங்கும். அப்போது சில சமயம் எரிமலை வாயு கலந்து அளவு கிறுகிறுவென்று ஏறி இறங்கும். பகலில் அடிவாரத்துக் காட்டிலிருந்து மேலேறும் காற்றில் இலைகள் உறிஞ்சியதுபோக மீதி வருவதால் அளவு குறையும். இப்படி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஆடும் அளவுகளை ஒதுக்கிவிட்டு, மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் அளவுகளை மட்டும் எடுக்கிறார்கள். அது பசிபிக் பெருங்கடலைக் கடந்துவந்த காற்று. கருவியின் தடுமாற்றத்தைப் பிடிக்க, அளவு தெரிந்த வாயுவை உருளையிலிருந்து அடிக்கடி உள்ளே விட்டுச் சரிபார்க்கிறார்கள். காற்றிலிருந்து ஈரத்தை உறையவைத்து நீக்காவிட்டால் மொத்தமும் பிழைத்துப்போகும். நீராவி இடத்தை அடைத்துக்கொண்டு மற்றதைக் குறைத்துக் காட்டும். 2022 நவம்பரில் எரிமலை நிஜமாகவே வெடித்து, லாவா சாலையையும் மின்கம்பியையும் அறுத்தபோது அளவு நின்றுபோனது. கருவியைப் பக்கத்து மௌனா கியா சிகரத்தில் வைத்து ஓட்டினார்கள்.

இந்த அளவுகளை வரைந்தால் வரும் கோடு நேராக ஏறாது, பல்பல்லாக ஏறும். மே மாதம் உச்சம், செப்டம்பர் கடைசியில் தாழ்வு, இடையில் ஆறு பிபிஎம் வித்தியாசம். உலகின் நிலப்பரப்பில் பெரும்பகுதி வட அரைக்கோளத்தில் இருப்பதால், அங்கே கோடையில் காடுகள் தழைக்கும்போது உலகக் காற்றில் இந்த வாயு மெலிகிறது. குளிரில் இலைகள் மக்கும்போது மறுபடி தடிக்கிறது. நம் பக்கத்தில் கோவாவின் காபோ டி ராமா கடற்கரையில் 1993 முதல் குடுவைகளில் காற்றைப் பிடித்து அளந்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென் அரைக்கோளத்துக் கடற்காற்று வரும், குளிர்காலத்தில் துணைக்கண்டத்தின் உள்நாட்டுக் காற்று வரும். ஒரே பாறையில் நின்றுகொண்டு இரண்டு உலகங்களை அளக்கலாம்.

ஏறும் வாயு நம்முடையதுதானா? இதற்கு மூன்று கைரேகைகள் இருக்கின்றன. முதலாவது கார்பன்-14. தானாகச் சிதையும் இந்தக் கதிரியக்கக் கார்பனில் பாதி தீர 5,730 ஆண்டுகள் ஆகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் அது மிச்சமே இருக்காது. ஆகவே புதைபடிவ எரிபொருள் எரிய எரியக் காற்றின் கார்பன்-14 விகிதம் நீர்த்துப்போக வேண்டும். அப்படித்தான் நீர்த்தது, 1955-இலேயே வேதியியலாளர் ஹான்ஸ் சூயஸ் இதைக் காட்டினார். இரண்டாவது கார்பன்-13, செடிகள் அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு இலேசான கார்பன்-12-ஐ விரும்பி எடுக்கும். நிலக்கரியும் பழைய செடிதான் என்பதால் அது எரியும்போது காற்றில் கார்பன்-13-இன் விகிதம் இறங்குகிறது. மூன்றாவது ஆக்சிஜன். வாயு எரிமலையிலிருந்து வந்தால் ஆக்சிஜன் செலவாகாது. எரிப்பதால் வந்தால் செலவாகும். காற்றின் ஆக்சிஜன் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 பிபிஎம் குறைகிறது. நூற்றுக்கு 21 பங்கு இருப்பதில் இது மூச்சுவிடுவதற்கு ஒரு பொருட்டே இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் கணக்குப் பார்ப்பவருக்குப் பொன். காரணம்: செடி கரியமில வாயுவை எடுத்தால் ஆக்சிஜனைத் திருப்பித் தரும், கடல்நீர் அதைக் கரைத்துக்கொண்டால் எதையும் திருப்பித் தராது. இரண்டு அளவுகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தால், காணாமல் போன பாதியில் கடல் எவ்வளவு எடுத்தது, நிலம் எவ்வளவு எடுத்தது என்று பிரித்துவிடலாம்.

இனி அந்தக் காணாமல் போகும் பாதிக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் மையம் அதுதான்.

கடலில் ஏற்கெனவே ஏறக்குறைய 38 லட்சம் கோடி டன் கார்பன் கரைந்திருக்கிறது. காற்றில் இருப்பது 90,000 கோடி டன் அளவில்தான். நாற்பது மடங்குக்கும் மேல் பெரிய தொட்டி பக்கத்திலேயே இருக்கும்போது நாம் விடுவதெல்லாம் அதற்குள் போய்விடாதா? 1950-கள் வரை பல விஞ்ஞானிகள் அப்படித்தான் நினைத்தார்கள். 1957-இல் கடலியலாளர் ரோஜர் ரெவெல்லும் சூயஸும் எழுதிய கட்டுரை அந்த நிம்மதியைக் கெடுக்கத் தொடங்கியது.

கரியமில வாயு கடல்நீரில் சர்க்கரைபோலச் சும்மா கரைவதில்லை. அங்கே இருக்கும் கார்பனேட் அயனியோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறுகிறது. கடலில் கரைந்த கார்பனில் நூற்றுக்கு 90 பங்கு பைகார்பனேட், 9 பங்கு கார்பனேட், வாயுவாகவே கரைந்து நிற்பது ஒரு பங்குதான். அந்த 9 பங்குதான் காலி நாற்காலி. புதிதாக வரும் வாயு அதில் வந்து உட்கார உட்கார நாற்காலி குறைகிறது. விளைவு: காற்றில் கரியமில வாயு 10 விழுக்காடு ஏறினால், மேற்பரப்புக் கடல்நீரின் மொத்தக் கார்பன் ஒரு விழுக்காடுதான் ஏறும். இந்தப் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு ரெவெல் காரணி என்று பெயர். நாற்காலி குறையக் குறைய அந்தப் பத்தும் மெல்லக் கூடுகிறது. கடல் ஒவ்வொரு டன்னையும் முந்தையதைவிடச் சற்று வேண்டாவெறுப்பாக எடுக்கிறது. பக்க விளைவாகக் கடலின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண் (இறங்கினால் அமிலம் கூடுகிறது), தொழிற்புரட்சிக்குப் பிறகு 0.1 இறங்கியிருக்கிறது. எண்ணைப் பார்த்தால் அற்பம். மடக்கை அளவுகோல் என்பதால் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன. ஓடு கட்டும் பவளத்துக்கும் சிப்பிக்கும் தேவைப்படும் அதே கார்பனேட்தான் செலவாகிறது.

இதற்கு மேல் இன்னொரு தடை. காற்றோடு உரசிக்கொண்டிருப்பது மேலே உள்ள சில பத்து, சில நூறு மீட்டர் நீர்தான். அது ஓராண்டுவாக்கில் காற்றோடு சமன்பட்டுவிடும். அடியாழத்து நீர் மேலே வந்து முகம் காட்டி மறுபடி இறங்க ஆயிரம் ஆண்டு ஆகும். குளிர்ந்து கனத்த நீர் அடியில் இறங்கும் வாசல்கள் வட அட்லாண்டிக்கிலும் அண்டார்டிகாவைச் சுற்றியும் மட்டுமே இருக்கின்றன. தொட்டி பெரிதுதான், வாய் குறுகியது. மேல்நீர் சூடேறினால் இலேசாகி மிதந்து நின்று அந்த வாயையும் இறுக்கும். சூடான நீர் வாயுவைப் பிடித்துவைக்கவும் செய்யாது. வெயிலில் வைத்த சோடாவைத் திறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிலத்தின் கதை வேறு. செடிகள் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனை ஒளிச்சேர்க்கையில் இழுக்கின்றன. அவற்றின் சுவாசமும் மண்ணின் மக்கலும் தீயும் ஏறக்குறைய அத்தனையையும் திருப்பி விடுகின்றன. நமக்கு உதவுவது இரண்டு பெரிய எண்களுக்கு நடுவே மிஞ்சும் 320 கோடி. ஆயிரம் ரூபாய் வரவு, 973 ரூபாய் செலவு போடும் கடையின் லாபம் போன்றது அது. செலவு கொஞ்சம் கூடினாலே காணாமல் போகும். வெப்பமண்டலப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் அதைக் கண்ணாரப் பார்க்கலாம். வெப்பமண்டலம் காய்கிறது, நிலம் உறிஞ்சுவது குறைகிறது, காற்றின் ஏற்றம் எகிறுகிறது. 2023-க்கும் 2024-க்கும் இடையே உலகச் சராசரி 3.5 பிபிஎம் ஏறியது. அளக்கத் தொடங்கிய பிறகு மிகப் பெரிய ஏற்றம் அதுதான். 2023 கோடையில் கனடாவின் காட்டுத்தீ மட்டும் 64 கோடி டன் கார்பனுக்கு மேல் விட்டது. அமேசானின் தென்கிழக்குப் பகுதி எடுப்பதைவிட அதிகமாக விடும் நிலைக்கு வந்துவிட்டதை விமானத்தில் பறந்து காற்று பிடித்து அளந்தவர்கள் 2021-இல் காட்டினார்கள். வடதுருவத்தை ஒட்டிய உறைமண்ணில் காற்றில் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கார்பன் கிடக்கிறது. அது உருகுவது நம் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு நடக்காது.

ஆக, பாதியை இயற்கை இலவசமாக எடுத்துக்கொள்கிறது. எந்த நாட்டு பட்ஜெட்டிலும் வராத இந்தச் சலுகையை நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டே இலக்குகள் எழுதப்படுகின்றன. அதைவிட மோசம், பல நாடுகள் தம் காட்டில் இயல்பாக நடக்கும் இந்த உறிஞ்சலைத் தம் சாதனையாகவே வரவு வைக்கின்றன. நாடுகள் தரும் கணக்குக்கும் விஞ்ஞானிகளின் கணக்குக்கும் ஆண்டுக்குப் பல நூறு கோடி டன் வித்தியாசம் விழுவது இதனால்தான்.

இப்போது நிலைப்படுத்தல். 1992-இல் ரியோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் இலக்கு, காற்றில் இந்த வாயுக்களின் அடர்வை நிலைநிறுத்துவது. 'அடர்வு' என்ற அந்தச் சொல்லில்தான் ஒரு பெரிய பொறி.

வெளியேற்றத்தை நாளைக்கே பாதியாக வெட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கடலும் நிலமும் பாதியை எடுத்துக்கொள்கின்றன, நாம் விடுவதும் பாதி. எனவே அடர்வு நின்றுவிடும். உண்மைதான், கொஞ்ச காலத்துக்கு. கடல் எடுப்பது இந்த ஆண்டு நாம் விட்டதில் பாதியை அல்ல. காற்றில் இதுவரை சேர்ந்துவிட்ட மிகைக்கும் தன் மேற்பரப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப அது எடுக்கிறது. காற்று ஏறாமல் நின்றால் மேல்நீர் அதை எட்டிப் பிடித்துவிடும், உறிஞ்சல் சுருங்கும், அடர்வு மறுபடி ஏறத் தொடங்கும். அடர்வை அங்கேயே பிடித்துவைக்க வேண்டுமானால் வெளியேற்றத்தை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அப்படிப் பிடித்துவைத்தாலும் வெப்பம் நிற்காது. கடல் இன்னும் முழுதாகச் சூடேறி முடிக்கவில்லை. அடர்வு அசையாமல் இருந்தால் அது சூடேறி முடிக்கும்வரை உலக வெப்பம் ஏறும்.

வெளியேற்றத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அடர்வு நிற்காது, இறங்கும். கடல் தொடர்ந்து உறிஞ்சுவதால். அந்த இறக்கம் வெப்பத்தைக் குறைக்கப் பார்க்கும், கடலின் மிச்சச் சூடேற்றம் கூட்டப் பார்க்கும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. அதனால் வெளியேற்றம் நின்ற இடத்திலேயே வெப்பமும் ஏறக்குறைய நின்றுவிடும். 2009-ஐ ஒட்டி வந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கியபோது முழுக் கேள்வியும் மாறியது. நெட் ஜீரோ, அதாவது விடுவதையும் திரும்ப எடுப்பதையும் சமமாக்குவது, என்ற சொல்லை அரசியல்வாதி கண்டுபிடித்த முழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது இந்தக் கழித்தலின் விடை.

இதிலிருந்து ஒரு எளிய வாய்ப்பாடும் கிடைத்தது: மொத்தமாக விட்ட ஒவ்வொரு லட்சம் கோடி டன் கரியமில வாயுவுக்கும் 0.45 டிகிரி சூடேற்றம். எப்போது விட்டோம், எந்த வேகத்தில் விட்டோம் என்பதெல்லாம் பெரிதாகப் பொருட்டில்லை. 1850 முதல் 2019 வரை மனிதர் விட்டது 2.39 லட்சம் கோடி டன். 0.45-ஆல் பெருக்கினால் 1.08. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி சொல்லும் மனிதரால் வந்த சூடேற்றம் 1.07. இப்படி ஒட்டிவருவதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு: மற்ற வாயுக்கள் தரும் சூட்டையும் புகைத்தூசு தரும் குளிர்ச்சியையும் எதிரெதிரே வைத்தால் ஏறக்குறைய கழிந்துவிடுகின்றன. காற்றைச் சுத்தம் செய்தால் அந்தக் குளிர்ச்சிச் சலுகையும் போகும்.

தொழிற்புரட்சிக்கு முந்தையதைவிட 1.5 டிகிரி கூடுதலில் நிற்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால், 2020 தொடக்கத்தில் இனி விட மிச்சமிருந்தது 50,000 கோடி டன் கரியமில வாயு. ஆண்டுக்கு 4,000 கோடி என்று கழித்தால் 2024 முடிவில் 30,000 கோடி. பிறகு வந்த மறுமதிப்பீடுகள் இதையும் குறைத்தே சொல்கின்றன. இன்றைய வேகத்தில் ஏழெட்டு ஆண்டுக்குக்கூட வராது. 1.5-ஐத் தொடாமல் நிற்போம் என்று இன்னமும் மேடையில் பேசுபவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. இரண்டு டிகிரிக்கு மூன்றில் இரண்டு வாய்ப்போடு 1.15 லட்சம் கோடி இருந்தது. அங்கே இன்னும் பேச இடமிருக்கிறது.

2020-இன் ஊரடங்கு இந்தக் கணக்கை எல்லோருக்கும் செய்துகாட்டியது. வெளியேற்றம் அந்த ஆண்டு ஐந்து விழுக்காடு விழுந்தது. சுமார் 50 கோடி டன் கார்பன். ஒரு பிபிஎம் என்பது 212 கோடி டன் கார்பன். பாதியைக் கடலும் நிலமும் எடுத்திருக்கும் என்றால் காற்றில் தெரிய வேண்டிய வித்தியாசம் 0.12 பிபிஎம். எல் நினோ வந்தும் போயும் ஒரு பிபிஎம் அளவுக்கு ஆட்டும் கோட்டில் இது கண்ணுக்கே தெரியாது. சாலைகள் வெறிச்சோடின, மௌனா லோவாவின் கோடு பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

நம்பிக்கைக்கு ஒன்றும் இல்லையா? இருக்கிறது. 2004-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பகாலாவும் ராபர்ட் சோகோலோவும் பிரச்சினையை ஏழு ஆப்புகளாக வெட்டினார்கள். ஒவ்வோர் ஆப்பும் ஐம்பது ஆண்டில் வளர்ந்து ஆண்டுக்கு 100 கோடி டன் கார்பனைத் தடுக்க வேண்டும். சூரிய மின்சாரத்தால் ஓர் ஆப்பு வேண்டுமானால் 2,000 கிகாவாட் பலகைகள், அதாவது அன்று உலகில் இருந்ததைப்போல 700 மடங்கு. அன்று கேட்டவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஐம்பது ஆண்டு கேட்ட அந்த அளவை உலகம் இருபதே ஆண்டில் நெருங்கிவிட்டது. காற்றாலையில் கேட்டதும் 2,000 கிகாவாட்தான். பாதிக்கு மேல் நிறுவியாகிவிட்டது. ஆனாலும் கோடு வளையவில்லை. அவர்கள் ஆண்டுக்கு 700 கோடி டன் என்று எடுத்துக்கொண்ட வெளியேற்றம் 1,000 கோடியாகிவிட்டது. புதிய மின்சாரம் பழையதை இடம்பெயர்க்காமல் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. பலகை எத்தனை போட்டோம் என்பதைவிட நிலக்கரி உலை எத்தனை மூடினோம் என்பதுதான் கேள்வி.

மரம் நட்டால் போதாதா என்று கேட்காத கூட்டமே இல்லை. வெப்பமண்டலத்தில் வெட்டிய இடத்தில் மறுபடி தானாக வளரும் காடு, முதல் இருபது ஆண்டில் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 3 டன் கார்பன் சேர்க்கும். இது நல்ல வேகம். மாதம் பத்து லிட்டர் பெட்ரோல் போடும் ஒரு பைக்கை அது ஈடுகட்ட ஒரு கிரவுண்டுக்கும் சற்று அதிகமான காடு வேண்டும். உலகத்துக்கே கேட்டால் 330 கோடி ஹெக்டேர், பத்து இந்தியா. அதுவும் காடு முற்றும்வரைதான். முற்றிய பிறகு சேர்ப்பது குறைந்துபோகும், காவல் காக்கும் வேலை மட்டும் தொடரும். மரம் நட வேண்டும், இருக்கும் காட்டை வெட்டாமல் விடுவதை அதற்கு முன் செய்ய வேண்டும். ஆனால் வெட்டிய காட்டின் கடனைத்தான் மரம் அடைக்கும், நிலக்கரியின் கடனை அல்ல.

காற்றிலிருந்து நேரடியாக வாயுவைப் பிடிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஐஸ்லாந்தில் 2021-இல் திறந்த ஓர்கா ஆலை ஆண்டுக்கு 4,000 டன் பிடிக்கத் திட்டமிடப்பட்டது. பிடித்ததை நீரில் கரைத்துக் பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்திக் கல்லாக்குகிறார்கள். வேதியியல் அழகானது. அளவைப் பார்ப்போம்: உலகம் எரிபொருளால் விடுவது ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1,190 டன் கரியமில வாயு. அந்த ஆலை ஓராண்டு முழுக்க முழுத் திறனில் ஓடினாலும் மூன்றரை நொடிக்குத்தான் ஈடு. இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினால் கடல், முன்பு வாங்கிக்கொண்டதைத் திருப்பி விடத் தொடங்கும். அடர்வை ஒரு பிபிஎம் இறக்க ஒரு பிபிஎம் எடுத்தால் போதாது. ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுக்க வேண்டிவரும். காணாமல் போன பாதி அப்போதுதான் திரும்பி வந்து கதவைத் தட்டும்.

இந்த இயந்திரங்களை வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. சிமென்ட், விமானம், வயலில் போடும் உரம் என்று சுழியத்துக்குக் கொண்டுவர முடியாத மிச்சம் ஒன்று இருந்தே தீரும்; அதை ஈடுகட்ட இவை வேண்டும். பைக்குக்கு இவை எதற்கு என்பதுதான் கேள்வி. ஒரு டன் பிடிக்க இன்று வெப்பமும் மின்சாரமுமாகச் சுமார் 2,000 யூனிட் செலவாகிறது. முதலில் போட்ட பத்து லிட்டரின் 23 கிலோவைத் திரும்பப் பிடிக்க 46 யூனிட். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்றால் அந்தப் பத்து லிட்டரில் பைக் 500 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அதே தூரத்தை ஒரு மின்சார ஸ்கூட்டர் 15 முதல் 20 யூனிட்டில் ஓடிவிடும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு இன்றும் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆகவே ஸ்கூட்டர் விடுவது 10 முதல் 14 கிலோ. அந்த 46 யூனிட்டை அதே கட்டமைப்பிலிருந்து எடுத்துப் பெட்ரோல் விட்ட 23 கிலோவைப் பிடித்தால், பிடிப்பதற்காக மட்டும் 32 கிலோ வெளியே போகும்.